பகடையும் ஏடும்: கற்பனைப் பேஸ்போல் லீக்குகளின் பருவ வரலாறுகள் பற்றிய ஒரு நோக்கு

நிகழ்ந்தவற்றை உரைப்பது வரலாறு, நிகழக்கூடியவற்றைப் புனைவது இலக்கியம் என்னும் வேறுபாடு அரிஸ்டோட்டில் காலந்தொட்டுப் பேசப்பட்டு வருவதாகும். வரலாற்று மாணவர் இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டே தம் கற்கையைத் தொடங்குகின்றனர். ஆயின் இவ்விரண்டனுள் எதனுள்ளும் எளிதில் அடங்காத ஓர் எழுத்து வகையும் உண்டு. ஆட்டக்காரர் இல்லை, மைதானம் இல்லை, பார்வையாளரும் இல்லை. எனினும் ஆட்டம் நடைபெறுகின்றது, வெற்றி தோல்வி தீர்மானிக்கப்படுகின்றது, பருவந்தோறும் அதன் வரலாறு எழுதப்படுகின்றது. பகடையைக் கொண்டும் சீட்டைக் கொண்டும் கணினியைக் கொண்டும் நடத்தப்படும் கற்பனைப் பேஸ்போல் லீக்குகளின் பருவ வரலாறுகளையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம்.

பேஸ்போல் நம்மிடையே வேரூன்றாத ஆட்டம். எல்லே ஆடியும் கிரிக்கெட் பார்த்தும் வளர்ந்த நமக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. ஆயின் இதற்கு நெருங்கிய உறவுடைய ஓர் ஆட்டம் நம் வகுப்பறைகளிலே உண்டு. புத்தகக் கிரிக்கெட் என்பது அது. மாரிகாலத்தில் மைதானம் நீர் நிறைந்து கிடக்கும்போது உவர்மலைச் சிறுவரும் பாடப் புத்தகத்தைக் கண்மூடி விரிப்பர். இடப்புறப் பக்கத்து எண்ணின் ஈற்றிலக்கமே ஓட்டம். பூச்சியம் வந்தால் ஆட்டமிழப்பு. இரண்டு, நான்கு, ஆறு ஆகியன அவ்வவ்வோட்டங்கள். எட்டுக்கு ஊருக்கொரு விதி. எட்டை ஓட்டமற்ற பந்தாகக் கொள்வோமாயின், ஓர் ஆட்டமிழப்புக்குச் சராசரியாகப் பன்னிரண்டு ஓட்டமும், பத்து விக்கெட்டுகளுக்கு ஏறத்தாழ 120 ஓட்டமும் கிடைக்கும் எனக் கணித்துக் காட்டலாம். சரித்திரப் புத்தகத்தை விரித்தாலும் விஞ்ஞானப் புத்தகத்தை விரித்தாலும் இச்சராசரி பெரிதும் மாறாது. ஆகவே இது வெறும் பொழுதுபோக்கன்று; நிகழ்தகவின் விதிக்கு உட்பட்ட ஓர் உலகம்.

இவ்வுலகுக்கு வரலாறு எழுதுதல் எத்தகைய செயல், அதனின்று வரலாற்று மாணவர் கற்றுக்கொள்ளத் தக்கது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புள்ளி அட்டவணையின் தோற்றம்

கற்பனை லீக் ஒன்று தோன்றுவதற்கு முன்னர், ஓர் ஆட்டத்தை எண்களிலே அடக்கிவிடலாம் என்னும் எண்ணம் தோன்றுதல் வேண்டும். இவ்வகையில் முதன்மையாகக் குறிப்பிடப்பட வேண்டியவர் ஹென்றி சட்விக் ஆவார். 1824இல் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரிற் பிறந்த இவர் 1837இல் அமெரிக்கா சென்று குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். நியூயோர்க் வட்டாரத்துக் கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதிவந்த சட்விக், பின்னர் பேஸ்போலின்பால் ஈர்க்கப்பட்டார். கிரிக்கெட்டின் புள்ளிப் பதிவு முறையை முன்மாதிரியாகக் கொண்டு 1850களின் இறுதியில் பேஸ்போலுக்குரிய புள்ளி அட்டவணையைச் செப்பனிட்டார். 1908இல் அவர் மறையும்போது, பத்திரிகையில் ஒரு விரற்கடை இடத்தில் அச்சிடப்படும் அட்டவணையைக் கொண்டு, நேரிற் பாராத ஆட்டத்தை மனக்கண்ணிலே கண்டுவிடும் வாசகர் கூட்டம் ஒன்று உருவாகியிருந்தது.

இதன் விளைவு சட்விக் எண்ணியதினும் பெரிது. ஆட்டத்தைக் கண்டு அட்டவணை எழுதுதல் கூடுமாயின், அட்டவணையிலிருந்து ஆட்டத்தை உண்டாக்குதலும் கூடுமன்றோ? இவ்வினாவே கற்பனை லீக்குகளின் வித்து எனலாம்.

1951இல் றிச்சர்ட் சைற்ஸ் என்பவர் ஏ.பி.பி.ஏ. என்னும் பேஸ்போற் பகடையாட்டத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1961இல் ஹால் றிச்மன் ஸ்ற்றாட்-ஓ-மாற்றிக் ஆட்டத்தை வெளியிட்டார். பின்னையதில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை உண்டு. உண்மை ஆட்டக்காரர் ஒருவர் முந்திய பருவத்திற் காட்டிய திறமை அந்த அட்டையில் எண்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். மூன்று பகடைகள் உருட்டப்படும். தனித்து நிற்கும் ஒரு பகடை ஒன்று முதல் மூன்று வரை காட்டினால் அடிப்பவரின் அட்டையும், நான்கு முதல் ஆறு வரை காட்டினால் எறிபவரின் அட்டையும் பார்க்கப்படும். ஏனைய இரு பகடைகளின் கூட்டுத்தொகை அட்டையிலுள்ள விளைவைச் சுட்டும். இரு பகடைகளில் ஏழு வருவதற்கு முப்பத்தாறில் ஆறு வாய்ப்புக்கள். பன்னிரண்டு வருவதற்கு ஒன்றே. திறமையும் தற்செயலும் இங்கே ஒரே கணக்கிலே சந்திக்கின்றன.

1999இல் மார்க்குஸ் ஹைன்சோன் என்னும் ஜேர்மானியர் அமைத்த அவுட் ஒஃப் த பார்க் என்னும் கணினி ஆட்டம் இம்முறையைப் பன்மடங்கு விரித்தது. பிறப்பே இல்லாத ஆட்டக்காரர் நூற்றுக்கணக்கானோரைக் கணினி படைக்கும். அவர்கள் இளமையில் ஒளிர்ந்து, காயமுற்று, முதுமையுற்று விலகுவர். நூறு பருவங்களையும் அதில் ஓட்டிவிடலாம். ஆயின் நூறு பருவங்களின் எண்கள் நூறு பருவங்களின் வரலாறாகிவிடுவதில்லை. இவற்றுள் எது நினைவுகூரத் தக்கது எனத் தேர்ந்து எழுதும் ஒருவர் வேண்டும். ஈ. எச். கார் 1961இல் வெளியான தம் நூலில், கடந்தகால உண்மைகள் எல்லாம் வரலாற்று உண்மைகள் ஆகிவிடுவதில்லை, வரலாற்றாசிரியர் எடுத்தாளும்போதே அவை அத்தகுதியைப் பெறுகின்றன என்று விளக்கியமை ஈண்டு நினைவுகூரத் தக்கது.

கெருவாக்கின் கொப்பிகள்

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெருவாக் (1922–1969) தம் பயண நாவலாற் புகழ்பெற்றவர். அவர் மாசசூசெற்ஸ் மாநிலத்து லோவெல் நகரிற் சிறுவராயிருந்த காலத்திலேயே தமக்கெனக் கற்பனைப் பேஸ்போல் லீக் ஒன்றை அமைத்துக்கொண்டார் என்பதும், வாழ்நாளின் பெரும்பகுதியில் அதனைத் தொடர்ந்தார் என்பதும் பலரும் அறியாத செய்திகள். நெருங்கிய நண்பரும் இதனை அறிந்திருக்கவில்லை எனப்படுகின்றது. அவருடைய அணிகள் சில மோட்டார் வண்டிகளின் பெயரையும், சில நிறங்களின் பெயரையும் தாங்கின: பிற்ஸ்பர்க் பிளிமத், நியூயோர்க் செவி, பொஸ்டன் கிரே என்றவாறு. தொடக்கத்திற் கோலிக்குண்டும் பற்குச்சியும் அழிறப்பரும் கருவிகளாயின. பின்னர் ஒவ்வொரு விளைவையும் சொற்களால் விவரிக்கும் சீட்டுக்களை அவரே எழுதிக்கொண்டார்.

நம் கவனத்துக்குரியது அவர் ஆடிய முறையன்று; பதிவு செய்த முறையே. ஆட்டக்காரரின் சராசரிகளைக் கணித்தார். வீட்டிலேயே தட்டச்சுச் செய்தும் கையால் எழுதியும் செய்தித்தாள்களை உண்டாக்கினார். அவற்றிற் போட்டிச் செய்திகள் மட்டுமன்றி அணிகளின் வரவு செலவும், ஆட்டக்காரரின் சம்பளத் தகராறுகளும் இடம்பெற்றன. அவர் எழுத்தாளராகப் பயின்ற பள்ளிகளுள் இதுவும் ஒன்று எனின் மிகையாகாது. இக்கொப்பிகளும் சீட்டுக்களும் இன்று நியூயோர்க் பொது நூலகத்தின் பேர்க் தொகுப்பிற் பேணப்படுகின்றன. அந்நூலகத்தின் காப்பாளர் ஐசாக் கெவேட்ஸ் 2009இல் இவை பற்றித் தனிநூல் ஒன்றே எழுதினார். ஒருபோதும் நடவாத ஆட்டங்களின் புள்ளிகள் வெப்பமும் ஈரமும் அளந்து காக்கப்படும் அறையில் இருக்கின்றன என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும். இதன் பொருத்தம் பின்னர்ப் புலனாகும்.

வரலாற்றாசிரியனின் குற்றம்

இத்தகைய பதிவாளன் ஒருவனின் அகவாழ்வை நாவலாக ஆராய்ந்தவர் றொபேட் கூவர் (1932–2024). 1968இல் வெளியான அவருடைய நாவலின் தலைவர் ஹென்றி வோ, ஐம்பத்தாறு வயதுக் கணக்காளர். பகலில் அலுவலகத்தில் பிறர் கணக்கை எழுதுவார். இரவில் சமையலறை மேசையில் மூன்று பகடைகளால் எட்டு அணிகளின் லீக்கை நடத்துவார். ஐம்பத்தாறாம் பருவம் நடைபெறுகின்றது. அணிகளின் பிறப்பு, ஆட்டக்காரரின் இறப்பு, லீக்கின் அரசியல், பாடல்கள் என யாவும் அவருடைய பேரேடுகளில் எழுதப்பட்டுள்ளன.

டேமன் றதர்போட் என்னும் இளம் எறிவாளன் குறையற்ற ஆட்டம் ஒன்றை ஆடிப் புகழின் உச்சியை அடைகின்றான். வோ அவனைப் புதல்வனைப் போல் நேசிக்கின்றார். அடுத்த ஆட்டத்தில் அவன் அடிக்க வருகின்றான். பகடை மூன்றும் ஒன்றைக் காட்டுகின்றன, மீண்டும் அவ்வாறே, மூன்றாம் முறையும் அவ்வாறே. மூன்று பகடைகளும் ஒருசேர ஒன்றைக் காட்ட வாய்ப்பு 216இல் ஒன்று. அது தொடர்ந்து மும்முறை நிகழ வாய்ப்பு ஒரு கோடியே எழுபத்தேழாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றாறில் ஒன்று. எனினும் அசாதாரண நிகழ்ச்சிகளின் அட்டவணையில் அதற்கு விதி எழுதப்பட்டுள்ளது: எறிந்த பந்து பட்டு அடிப்பவன் இறக்கின்றான். விதியை எழுதியவர் வோவே. அவராலும் அதனை மாற்ற முடியவில்லை. டேமன் இறந்தான் என்று ஏட்டில் எழுதுகின்றார்.

இவ்விடத்திலேயே நாவல் நம் துறைக்குள் நுழைகின்றது. விரும்பாததை எழுதிய அந்தக் கணத்தில் வோ உண்மையான வரலாற்றாசிரியராக நிற்கின்றார். ஆயின் துயரம் அவரை விடுவதாயில்லை. பந்தை எறிந்த ஜொக் கேசி பழிவாங்கப்பட வேண்டும் என்று ஏங்குகின்றார். ஈற்றில் ஓரிரவு, பகடையைத் தன் கையாலேயே மூன்று ஆறுகளாக அமைத்து வைக்கின்றார். கேசி இறக்கின்றான். நீதி வழங்கப்பட்டுவிட்டது, வரலாறு கெட்டுவிட்டது. நாவலின் இறுதி இயலில் நூறு பருவங்கள் கழிந்துள்ளன. வோ எங்கும் காணப்படவில்லை. பிற்கால ஆட்டக்காரர் அவ்விரு மரணங்களையும் சடங்காக நடித்துக் காட்டுகின்றனர். டேமனின் பக்கத்தார், கேசியின் பக்கத்தார் எனக் கட்சிகள் பிரிந்துள்ளன. அப்படி ஒன்று நடந்ததா என்று ஐயுறுவோரும் உளர். கையால் வைத்த ஒரு பகடை, பின்வந்தோர் அனைவரையும் நிலையான ஐயத்தினுள் ஆழ்த்திவிடுகின்றது.

பலர் கூடி எழுதிய வரலாறு

கெருவாக்கும் வோவும் தனித்திருந்து எழுதியவர்கள். பலர் கூடி எழுதிய கற்பனை லீக் ஒன்று அண்மையில் இருந்தது. 2020 ஜூலையில், பெருந்தொற்றினால் உலகெங்கும் விளையாட்டரங்குகள் மூடிக்கிடந்த காலத்தில், பிளேஸ்போல் என்னும் கணினி லீக் தொடங்கப்பட்டது. இருபது அணிகள், மணிக்கொரு சுற்று ஆட்டம், ஒரு வாரத்தில் ஒரு பருவம். பார்வையாளர் வாக்களித்து விதிகளை மாற்றலாம். முதற் பருவ முடிவில் அவர்கள் விலக்கப்பட்ட புத்தகம் ஒன்றைத் திறக்க வாக்களித்தனர். அதன் விளைவாகக் கிரகண காலத்தில் நடுவர்கள் ஆட்டக்காரரை எரித்துச் சாம்பலாக்கும் விதி நடைமுறைக்கு வந்தது.

எரிந்த ஆட்டக்காரர் வெறும் பெயரும் சில எண்களுமே. எனினும் மக்கள் அவர்களுக்காகப் புலம்பினர், வாழ்க்கைக் குறிப்புக்கள் எழுதினர், பாடல்கள் இயற்றினர். எண்களை ஆராய்வோர் தமக்கென ஓர் ஆய்வுச் சங்கத்தையும் அமைத்தனர். 1971இல் கூப்பர்ஸ்ரவுனில் பதினாறு பேர் கூடி நிறுவிய அமெரிக்கப் பேஸ்போல் ஆய்வுச் சங்கத்தின் பெயரைத் தழுவியே அதற்கும் பெயரிடப்பட்டது. 2023 ஜூனில் பிளேஸ்போல் நிறுத்தப்பட்டது. லீக்கை நடத்திய நிறுவனம் விலகிய பின்னரும், ஆர்வலர் திரட்டிய பதிவுகள் அதன் பருவங்களுக்குச் சான்றாய் நிற்கின்றன. ஆட்டம் நின்றாலும் ஏடு நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

உவர்மலைக் கொப்பி

இவ்விடத்திற் கட்டுரையாளனின் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவது பொருத்தமாகும். உவர்மலையில் எமது ஒழுங்கையைச் சேர்ந்த மூவர், பாடசாலைப் பருவத்திற் புத்தகக் கிரிக்கெட் லீக் ஒன்றை நடத்தினோம். உவர்மலை, பாலையூற்று, சீனக்குடா, சாம்பல்தீவு, நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என எட்டு அணிகள். ஒவ்வோர் அணியும் ஏனையவற்றை ஒருமுறை எதிர்க்கும்; ஆகவே பருவத்துக்கு இருபத்தெட்டு ஆட்டங்கள். நூற்றறுபது பக்கக் கொப்பி ஒன்றில் நானே பதிவாளன். கெருவாக்கின் பெயரை அந்நாளில் யாம் கேள்வியுற்றதில்லை. எனினும் ஆட்டங்களுக்குக் கீழே செய்தியும் எழுதினோம். துறைமுகத்துக் காற்று எந்தப் பந்துவீச்சாளனுக்கு உதவியது என்பதையும் எழுதினோம்.

மூன்றாம் பருவத்து இறுதி ஆட்டத்தில் உவர்மலைக்கு வெற்றி பெற மூன்று ஓட்டங்கள் வேண்டியிருந்தன. கடைசி விக்கெட். நண்பர் இருவரும் தேநீர் குடிக்க உள்ளே சென்றிருந்தனர். நான் புத்தகத்தை விரித்தேன், பூச்சியம் வந்தது. மூடி, மறுபடியும் விரித்தேன், நான்கு வந்தது. நான்கு என்றே எழுதினேன். உவர்மலை வெற்றிவீரராயிற்று. நண்பர் மகிழ்ந்தனர். நான்காம் பருவத்தை நான் தொடங்கவில்லை. பரீட்சையைக் காரணங் காட்டினேன். கூவரின் நாவலைப் பல்கலைக்கழகம் வந்த பின்னர் படித்தபோதே, எனக்கு அன்று சலிப்புத் தட்டியதன் காரணம் விளங்கியது. ஒரு பக்கம் பொய்யானபோது எண்பத்துநான்கு ஆட்டங்களும் எனக்குப் பொருளற்றுப் போயின. நேர்மையாக எழுதிய எண்பத்துமூன்றும் அந்த ஒன்றினால் ஒளி இழந்தன.

நமது ஏடுகள்

திருகோணமலைக்கு ஏடு புதிதன்று. கவிராச வரோதயர் இயற்றியதாகக் கொள்ளப்படும் கோணேசர் கல்வெட்டு, பெயராற் கல்வெட்டாயினும் ஏட்டிலே வாழ்ந்த நூலே. குளக்கோட்டன் ஏற்படுத்தியதாகக் கூறப்படும் திருப்பணிகளையும், கோயிற் தொழும்பாளரின் கடமைகளையும் அது வகுத்துரைக்கின்றது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்தழித்தனர். கட்டடம் வீழ்ந்த பின்னரும் அதன் ஒழுங்கு ஏட்டிலே நிலைத்தது. அந்நூலில் ஐதிகம் எது, வரலாறு எது என்று அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர். ஆராய்வதற்கு ஓர் ஏடு இருப்பதனாலேயே அது கூடுகின்றது.

இதனோடு நம் காலத்து நிலைமையை ஒப்பிடுவோம். ஏகாம்பரம் மைதானத்திலும் மெக்கெய்சர் விளையாட்டரங்கிலும் எத்தனையோ உதைபந்தாட்டப் போட்டிகளும் கிரிக்கெட் போட்டிகளும் நடைபெற்றன. அவற்றில் ஆடியோர் கண்ணும் காலும் உடைய மனிதர். அவர்களுக்காகக் கத்திய குரல்களும் உண்மையானவை. ஆயின் 1983, 1985, 1990 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களாலும் இடப்பெயர்வுகளாலும், 2004 டிசம்பர் 26 கடற்கோளினாலும், எத்தனையோ வீடுகள் தம் உயிர்களோடு கொப்பிகளையும் படங்களையும் இழந்தன. இன்று பழைய பருவம் ஒன்றைப் பற்றி அறிய விரும்பும் இளைஞன், முதியவர் ஒருவரின் திண்ணையிலே சென்று அமர வேண்டியிருக்கின்றது. அவர் சொல்வது ஒரு விதம். அடுத்த ஒழுங்கையில் உள்ளவர் சொல்வது வேறு விதம். பிற்ஸ்பர்க் பிளிமத் அணியின் புள்ளிகள் நியூயோர்க்கிற் காக்கப்படுகின்றன. மெய்யாக ஆடிய நம் பெரியோரின் புள்ளிகள் நினைவை நம்பி நிற்கின்றன.

இழந்தோர்க்கு ஒரு சோதனையும் உண்டு. வெற்றிடத்தை விருப்பத்தால் நிரப்பிக்கொள்ளும் சோதனை அது. நம் அணி தோற்றதில்லை, நம் ஊர் தவறியதில்லை, பழி யாவும் மறுபக்கத்தாருக்கே உரியது என்று எழுதுவது எளிது. பல இனத்தவரும் பல மதத்தவரும் வாழும் நம் மாவட்டத்தில், ஒவ்வொரு தரப்பாரும் தத்தமக்குரிய பகடையைக் கையால் வைக்க முனைவதை நாம் காண்கின்றோம். நியாயமான துயரமே அதற்கு உந்துதலாயிருக்கலாம். வோவின் துயரமும் நியாயமானதே. ஆயினும் கையால் வைத்த பகடையின் பின், மெய்யாக நிகழ்ந்த இழப்பையும் நம்புவாரின்றிப் போகும். இதுவே அச்செயலின் மிகப் பெரிய கேடு.

எனவே கற்பனை லீக்கின் பதிவாளனிடமிருந்து வரலாற்று மாணவர் கற்கத்தக்கவை இரண்டு. சிறியது என்று எதனையும் தள்ளாது, ஆட்டம் முடிந்த அன்றே எழுதுதல் ஒன்று. விரும்பாத பூச்சியத்தையும் பூச்சியமாகவே எழுதுதல் மற்றொன்று. இவ்விடுமுறையில் ஊர் செல்லும் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும், தத்தம் ஊரின் பழைய விளையாட்டு வீரர் ஒருவரையேனும் சந்தித்து, அவர் ஆடிய ஒரு பருவத்தையேனும் எழுதிக்கொண்டு வருவாராயின், அது பயனுள்ள தொடக்கமாகும். கூற்றுக்கள் முரண்படுமாயின் இரண்டையும் எழுதுக. எவர் சொன்னார், எப்போது சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுக.

உவர்மலைக் கொப்பி இன்றும் என்னிடம் உண்டு. இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய அன்று அதனை எடுத்து, மூன்றாம் பருவத்து இறுதி ஆட்டத்தின் அருகே, நான்கு என்பது பிழை, வந்தது பூச்சியம், வென்றது மூதூர் என்று நாளிட்டு எழுதினேன். நண்பர் இருவருக்கும் இதனை அறிவித்துள்ளேன்.